சீனி நைனாவுக்கு வாசித்துக் காட்டியவை

பிப்ரவரி 2

காலையில் படகு வந்து பன்னிரண்டு பேரை ஏற்றிப் போனது. கேப்டன் கடைசியாக இறங்கினார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்; முகத்தைப் பார்க்கவில்லை.

இனி இந்தக் கப்பலில் இரண்டே பேர். செகண்ட் எஞ்சினியரான நான், சமையல்காரர் சீனி நைனா. முதலாளி கடன்களைக் கட்டாமல் கப்பலைக் கைவிட்டுவிட்டார். இந்த வளைகுடாத் துறைமுகத்தின் நீதிமன்றம் கப்பலைப் பிடித்து, கரையிலிருந்து நான்கு மைல் தள்ளி நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. ஆளில்லாமல் விடக்கூடாதாம். ஜெனரேட்டரைப் பார்க்க ஓர் எஞ்சினியர், சோறாக்க ஒருவர். இரண்டு மாதம்தான் என்று ஏஜெண்ட் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

தூத்துக்குடிக்கு போன் செய்தேன். கப்பலின் மூக்குப் பகுதியில் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது. மனைவி டெல்பினிடம் "ரெண்டு மாசம்தான்" என்றேன். "எழுதிக் குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள். காற்று இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 11

டீசலைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும். ஜெனரேட்டர் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும். பகலில் மின்விசிறி கிடையாது. காபின்களைக் கூட்டிப் பெருக்கினேன். மூன்றாம் அதிகாரியின் மெத்தைக்கு அடியில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவல். டிப்ளமோ முடித்த பிறகு நான் கையில் எடுத்த முதல் புத்தகம் இது.

பிப்ரவரி 16

துப்பறியும் நாவலில் கடைசிப் பதினாறு பக்கங்கள் இல்லை. கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். சமையலறையிலிருந்து சீனி நைனா ஓடிவந்தார்.

"என்ன சார், எஞ்சின்ல ஏதும் கோளாறா?"

கொலை செய்தது யாரென்று தெரியவில்லை என்றேன். அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த டாக்டரோட தங்கச்சி சார். அவதான். யாருமே அவகிட்ட ஒரு கேள்வியும் கேக்கல பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு வேறு யாராகவும் இருக்க முடியாது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

மார்ச் 4

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர்ப் படகு இன்று வந்தது. அரிசி, பருப்பு, வெங்காயம். கூடவே கரையிலுள்ள மாலுமிகள் இல்லத்திலிருந்து ஒரு சாக்குப் புத்தகம். யாரோ இந்தக் கப்பலில் தமிழர்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்குப் பாதி தமிழ். எந்தெந்தக் கப்பலில் எவரெவர் விட்டுப் போனவையோ.

சீனி நைனாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊர் கீழக்கரைப் பக்கம். "மூணாங்கிளாஸ் சார். தமிழே எழுத்துக் கூட்டித்தான். இங்கிலீஷ் சுத்தமா வராது" என்றார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பின்தளத்து நிழலில் நான் வாசிப்பதாக ஏற்பாடு. அவர் வெங்காயம் உரிப்பார், அரிசியில் வண்டு பொறுக்குவார்.

மார்ச் 20

தேனீ வளர்ப்புப் பற்றிய புத்தகம். ஏதோ வேளாண் அலுவலகம் போட்டது. சுற்றிலும் ஒரு பூ இல்லை, ஒரு செடி இல்லை, துருப்பிடித்த இரும்புதான். ஆனால் இந்த ஒன்றரை மாதத்தில் நான் படித்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பழைய ராணி இருக்கும்போதே புது ராணி பிறந்தால் கூட்டில் என்ன நடக்கும் என்ற அத்தியாயத்தை சீனி நைனா பாய் மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"எங்க உம்மா இருக்கற வீட்டுல என் பொண்டாட்டி வந்த கதைதான்" என்று சொல்லி இருமும் வரை சிரித்தார்.

ஏப்ரல் 2

இரண்டு மாதம் முடிந்தது. படகு வரும் நாள் அல்ல. வரவும் இல்லை.

ஏப்ரல் 19

ஏஜெண்டின் கடிதம்: வழக்கு ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. பாயிடம் வாசித்துச் சொன்னேன். போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். "குடிங்க தம்பி" என்றார். இதுவரை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

மே 13

நகரத்தின் கோபுரக் கட்டடங்கள் பகலில் புகைபோலத் தெரிகின்றன. கிட்டத்தில் இருப்பதுதான் கொடுமை. ஒன்றுமே தெரியாத நடுக்கடலாக இருந்தால் பழகிவிடும்.

குளிர்நாட்டு நாவல் ஒன்று முடிந்தது, ஆங்கிலம். வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னேன். ஒரே வீட்டில் இருபது வருடம் பேசாமல் வாழும் அக்காள் தங்கை. ரொட்டிக்காரன் மூலம் ஒருவருக்கொருவர் சேதி அனுப்பிக்கொள்கிறார்கள். ரொட்டிக்காரன் செத்துப்போகிறான். அடுத்த நாள் காலையில் இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பாய் எழுந்து மூக்கு முனைக்குப் போய் அவருடைய அக்காவுக்கு, ராத்தா என்பார், போன் செய்தார். இருவருக்கும் ஏதோ நிலத் தகராறாம். ஆறு வருடமாகப் பேச்சில்லையாம்.

ஜூன் 8

வழக்கு மறுபடியும் தள்ளிப்போனது. எனக்கு வாய்க்குள் புண். காய்கறி வந்து ஒரு மாதம் ஆகிறது. பாய் பயறை முளைகட்ட வைத்திருக்கிறார்.

ஜூன் 29

சாக்கின் அடியில் கிடந்த தடிப் புத்தகத்தை இரண்டு வாரத்துக்கு முன் எடுத்தோம். எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஓர் ஏரிக்கரையில் மதகு திறக்கும் உரிமை பெற்ற குடும்பம், நான்கு தலைமுறை. முன்னட்டை இல்லை, எழுதியது யாரென்று தெரியாது. முதல் பக்கத்திலேயே ஏரி உடைகிறது.

நாளுக்கு இருபது பக்கம். பாய் ஒவ்வொருவருக்கும் தன் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தைக் கொடுத்துவிட்டார். சின்ன மருமகள் வந்தால் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார். இந்தப் புத்தகம் இல்லாவிட்டால் ஜூன் மாதத்தை எப்படித் தாண்டியிருப்போம் என்று தெரியவில்லை. ஒருவேளை இதுவரை எழுதப்பட்டதிலேயே நல்ல புத்தகம் இதுவாக இருக்கலாம். எனக்கு ஒப்பிட அதிகம் தெரியாது.

ஜூலை 4

படகு வந்தது. தண்ணீர், அரிசி, முட்டைக்கோஸ் நான்கு. ஏஜெண்டின் கடிதம் ஒன்று. எழுதும்படி ஒன்றுமில்லை.

"என்ன சொல்றான் தம்பி?"

"அதே பாட்டுதான் பாய்."

இன்று பன்னிரண்டு பக்கம்தான் படித்தேன். தொண்டை கட்டியிருக்கிறது.

ஜூலை 9

இனி நாளுக்குப் பத்துப் பக்கம் போதும் என்று சொல்லிவிட்டேன். நல்ல புத்தகத்தை அவசரமாக முடிக்கக் கூடாது. பாய்க்கு வருத்தம். "மதகு உடையப் போகுதா இல்லியா, அதயாச்சும் சொல்லிருங்க" என்றார்.

அவர் உம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். எண்பத்தொரு வயது. மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

ஜூலை 14

ஜெனரேட்டரில் எரிபொருள் வடிகட்டியை மாற்றினேன். ஏஜெண்டின் கடிதம் எஞ்சின் கையேட்டுக்குள் இருக்கிறது. அங்கே பத்திரமாக இருக்கும்.

ஜூலை 19

படகு வந்தது. ஏஜெண்டுக்கு அனுப்ப ஏதாவது உண்டா என்று படகுக்காரன் சைகையால் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

மத்தியானம் பாய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"தம்பி, ஒரு உதவி. உம்மா கெடக்குற நெலைக்கு என்னை மட்டுமாச்சும் அனுப்பி வைக்க வழி இருக்கான்னு கேட்டு ஏஜெண்டுக்கு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதுங்க. திரும்பி வரச் சொன்னாலும் வாரேன்னு எழுதுங்க."

எழுதினேன். நான்கு வரி எழுதினேன். கீழே அவர் தமிழில் 'சீனி நைனா' என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். அடுத்த படகு ஆகஸ்ட் மூன்றுதான். அதுவரை என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 23

பதினொரு பக்கம். பெரிய மகன் சாகிறான். பாய்க்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும்.

ஜூலை 27

காலையில் பாய் மூக்கு முனைக்குப் போய்ப் பேசினார். திரும்பி வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். நங்கூரச் சங்கிலியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"உம்மா மவுத்தாயிட்டாங்க தம்பி. அசர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கை காலெல்லாம் கழுவிக்கொண்டு வந்து தனியாகத் தொழுதார். மக்கா எத்திசை என்று என்னைக் கேட்டார். காந்த ஊசியைப் பார்த்துச் சொன்னேன். நங்கூரத்தில் கப்பல் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்ததால் நடுவில் ஒருமுறை அவர் தோளைத் தொட்டுத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

நான்தான் சோறாக்கினேன். குழைந்துவிட்டது. சாப்பிட்டார்.

ஜூலை 28

இங்கேயாவது எழுதுகிறேன்.

ஜூலை நான்காம் தேதிக் கடிதத்தில் இருந்தது இது: காவலுக்கு இனி ஓர் ஆள் போதும். எஞ்சினியர் இருக்க வேண்டும். சமையல்காரர் ஊருக்குப் போகலாம். இணைத்திருக்கும் தாளில் அவர் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அடுத்த படகிலேயே அழைத்துக்கொள்ளப்படுவார், விமான டிக்கெட் தயார்.

ஒருநாள் மட்டும் வைத்திருந்து கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த அத்தியாயம் முடியட்டும் என்று நினைத்தேன். இந்தக் கப்பலில் நான் மட்டும் நடக்கும் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன்.

வேறு காரணம் எழுத நினைத்தேன். இல்லை.

ஜூலை 31

படிக்கச் சொல்கிறார். "அதக் கேட்டாலாச்சும் மனசு கொஞ்சம் நிக்கும் தம்பி." பதினைந்து பக்கம் படித்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

ஆகஸ்ட் 3

படகோடு இரண்டாவது கடிதம் வந்தது. முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லையாம். இன்று கையெழுத்திட்ட தாள் வராவிட்டால் அனுமதி ரத்து. படகு அரை மணி நேரம் நிற்கும்.

எஞ்சின் அறைக்குப் போய்க் கையேட்டிலிருந்து முதல் கடிதத்தையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பாய் படகிலிருந்து அரிசி மூட்டையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், உங்கள விட்டுட்டாங்க. நீங்க ஊருக்குப் போகலாம். இப்ப வந்துச்சு."

மூட்டையை வைத்துவிட்டு இரண்டு தாளையும் வாங்கினார். வெகுநேரம் வைத்திருந்தார். ஆங்கிலம் தெரியாதவர் அவ்வளவு நேரம் என்ன பார்த்தாரோ. மேலே ஏஜெண்ட் ஆபீஸ் முத்திரை இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார், அழுக்கைத் துடைப்பதுபோல.

"எங்க போடணும் சார்?"

காட்டினேன். போட்டார். பத்து நிமிடத்தில் ஒரு பையோடு வந்தார். வண்டு பொறுக்கிய அரிசி எந்த டப்பாவில், உப்பு எதில், முளைகட்டிய பயறு எங்கே என்று சொன்னார். ஏணியில் இறங்கினார். கை கொடுக்க நீட்டினேன். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார்.

படகு போன பிறகு கவனித்தேன், கப்பலில் எவ்வளவு பொருள்கள் தாமாகவே அசைந்து சத்தம் போடுகின்றன என்று.

ஆகஸ்ட் 9

பாய்க்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 22

எடுக்கவில்லை.

செப்டம்பர் 6

மதகு நாவலில் இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறது. எடுத்தால் கண் ஓடுகிறது, எதுவும் ஏறவில்லை. சத்தமாகப் படித்துப் பார்த்தேன். பாதி வரியில் நிறுத்திவிட்டேன்.

டெல்பினிடம் பாய் போனதைச் சொன்னேன். "நல்ல மனசு உங்களுக்கு. அவர மொதல்ல அனுப்பி வச்சீங்களே" என்றாள். சிக்னல் போய்விட்டது என்று வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 25

ஜெனரேட்டர். சோறு. ஜெனரேட்டர்.

அக்டோபர் 10

காலையில் ஏணியை நீர் மட்டம் வரை இறக்கி, கடைசிப் படியில் வெகுநேரம் நின்றேன். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கத்தான். பிறகு ஏறி வந்து ஏணியையும் மேலே இழுத்துக் கட்டிவிட்டேன். இரண்டு முடிச்சு போட்டேன்.

மத்தியானம் தேனீப் புத்தகத்தைப் படித்தேன். தனித்துப் பிரிந்த தேனீ உணவிருந்தாலும் சில நாளில் செத்துவிடும் என்று போட்டிருக்கிறது. முன்பு அந்த வரியைப் படித்ததாக நினைவே இல்லை.

நவம்பர் 2

படகில் புதிய சாக்கு. மாலுமிகள் இல்லத்தில் ஒரு பெண்மணி துண்டுக் காகிதத்தில், "எது பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள், அதேபோல் தேடித் தருகிறேன்" என்று எழுதியிருந்தார். அந்தக் காகிதத்தை ஐந்தாறு முறை படித்தேன். சாக்கில் ஒரு பள்ளிக்கூட நிலப்படப் புத்தகம். அதில் இந்தத் துறைமுகம் இருக்கிறது, கீழக்கரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நீளம்.

நவம்பர் 21

ஒரு மருத்துவச்சியின் வாழ்க்கை வரலாறு. அவர் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. நூற்று நாற்பது பக்கம்தான். நான்கு நாளாக வேறு நினைப்பில்லை.

நாற்பது வருடம் பிரசவம் பார்த்தவர். காப்பாற்றிய கதைகளை வேகவேகமாகத் தாண்டிப் போகிறார். கடைசி அத்தியாயத்தில், தான் தாமதமாகப் போனதால் செத்த மூன்று பெண்களின் பெயரைச் சொல்கிறார். ஒருத்தியின் வீட்டுக்குத் தாமதமானதற்குக் காரணம் மழை இல்லை, வண்டி இல்லை. அன்று மத்தியானம் தூக்கம் வந்தது, எழ மனமில்லை, அவ்வளவுதான் என்கிறார். பதினெட்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போய் அதைச் சொன்னாராம். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று புத்தகத்தில் இல்லை.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கம் எதுவும் கிழியவில்லை. அவர் அதைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்.

டிசம்பர் 5

மதகு நாவலை முடித்தேன். சத்தமில்லாமல்.

டிசம்பர் 30

மாலுமிகள் இல்லத்துப் பெண்மணிக்கு எழுதினேன். இந்த வருடம் முப்பத்தொரு புத்தகம். பிடித்தது எது என்றால், ஏரி நாவல், அக்காள் தங்கை, தேனீ, மருத்துவச்சி. முதல் மூன்றும் நான் தனியாகப் படித்தவை அல்ல, ஒருவருக்கு வாசித்துக் காட்டியவை. தனியாகப் படித்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்குமா என்று தெரியாது என்று எழுதினேன். மருத்துவச்சிக்குக் காரணம் எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டேன்.

ஜனவரி 17

கப்பல் ஏலத்தில் போய்விட்டது. உடைக்க வாங்கியிருக்கிறார்கள். காலையில் ஒன்பது பேர் ஏறி வந்தார்கள். அவர்கள் பேச்சுச் சத்தம் தாங்காமல் எஞ்சின் அறையில் போய் நின்றுகொண்டேன். ஜெனரேட்டரை அவர்களுடைய எஞ்சினியரிடம் ஒப்படைத்தேன். மாலையில் கரை. தரை ஆடாமல் இருந்ததால் இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்தேன்.

மாலுமிகள் இல்லத்தில் படுக்கை கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் விமானம்.

ஜனவரி 18

இல்லத்து வரவேற்பறைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத எண் என்பதால் எடுத்திருக்க வேண்டும்.

"பாய், சேவியோ பேசுதேன்."

"சொல்லுங்க சார்."

"கரைக்கு வந்துட்டேன். பாய், ஒண்ணு சொல்லணும். அந்தக் கடிதம்... நான் காட்டின அன்னைக்கு வரல. ஜூலை நாலாந்தேதியே வந்துச்சு. நான்தான் வச்சிருந்தேன். தனியா இருக்கப் பயந்து வச்சிருந்தேன்."

"தெரியும் சார்."

எனக்கு விளங்கவில்லை.

"முத்திரையில தேதி இருந்துச்சுல்ல. இங்கிலீஷ்தான் படிக்கத் தெரியாது. நம்பர் தெரியும்."

"அப்ப அன்னைக்கே ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா உங்கள அடிச்சிருப்பேன். அடிச்சிட்டுப் படகையும் விட்டிருப்பேன்." மூச்சு வாங்கினார். "உம்மா வாசல் பக்கமாத் தலைய வச்சுப் படுக்கணும்னு சொன்னாகளாம். கடைசி ரெண்டு வாரமும். ராத்தா சொல்லுச்சு. நான் வந்தா மொதல்ல பாக்கணுமாம்."

"பாய்..." என்றேன்.

"மன்னிச்சிருங்கன்னு கேக்கப் போறீகளா?"

"ஆமா பாய்."

"எங்கிட்டக் கேக்காதீக. ஊருக்கு வாங்க. உம்மாவ அடக்குன மையவாடியில கபுரு எதுன்னு காட்டுறேன். அங்க வச்சு நடந்தத நடந்தபடி சொல்லுங்க. நான் தள்ளி நின்னுக்குறேன்." பிறகு போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து டெல்பினைக் கூப்பிட்டேன். ஒரு நாள் தாமதமாக வீட்டுக்கு வருவேன், முதலில் கீழக்கரைக்குப் போக வேண்டும் என்றேன்.

"அங்க எதுக்கு? அவர்தான் எப்பவோ ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரே" என்றாள்.

நன்றாகக் கேட்டது. சொன்னேன். ஜூலை நான்காம் தேதியிலிருந்து ஆரம்பித்து, எதையும் விடாமல் சொன்னேன். அவள் நடுவில் ஒருமுறைகூடப் பேசவில்லை. முடிந்த பிறகும் பேசவில்லை. ஆனால் போனை வைக்கவும் இல்லை.